பஜ்ஜி அடுப்பும் ஐந்து டன் பீமும்

கதவைப் பூட்டிவிட்டு நாலு அடி போய், மறுபடி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். சின்ன வயதில் ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சைக்குப் போகிற வழியில், ஆட்டுப்பட்டிப் படலைச் சாத்தினேனா இல்லையா என்று சந்தேகம் வந்து திரும்பிவிட்டேன். படல் சாத்தித்தான் இருந்தது. பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது கணக்குப் பரீட்சை பாதி முடிந்திருந்தது. வாத்தியார் உள்ளே வரச் சொன்னார். எனக்குத்தான் உள்ளே போகப் பயம். அப்படியே திரும்பி வந்தவன் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு படலைச் சாத்தி என் படிப்பையும் சாத்திக்கொண்டேன் என்று என் மனைவி சொல்வாள்.

இப்படிப்பட்டவனுக்கு வெல்டிங் நல்ல வேலை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டால் எதிரே ஒரு விரல் அகல வெளிச்சம்தான் தெரியும். கவலைப்பட அவ்வளவுதான் இடம். கண்ணாடியைத் தூக்கினால்தான் மற்றதெல்லாம் வரும்.

தொண்ணூற்றொன்றில் தண்டலத்துக்குப் பக்கத்தில், பெங்களூர் ரோட்டை ஒட்டி ஒரு பட்டறையில் இருந்தேன். அந்த வருஷம் மே மாதத்துக் குண்டுவெடிப்பால் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெயர் எல்லாப் பத்திரிகையிலும் வந்து ஓய்ந்திருந்தது. அதைப் பற்றி எழுத நான் ஆள் இல்லை. எங்கள் பட்டறையில் ஆறு பேர். மேலே ஆஸ்பெஸ்டாஸ், மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் ரோடு. அதுவரை கேட், கிரில், டிராக்டர் டிரெய்லர் என்று செய்துகொண்டிருந்தோம். புரட்டாசி பிறக்கும் நேரத்தில் முதலாளி ஒரு வரைபடத்தோடு வந்தார். அவர் முதலாளி என்று பேருக்குத்தான். பெரிய கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து, வேலையை விட்டுவிட்டு இந்தப் பட்டறையைப் போட்டவர். பனியனோடு எங்களோடு உட்கார்ந்து கிரைண்டர் பிடிப்பார். அன்றைக்குச் சட்டையை இன் செய்திருந்தார்.

"ஹார்பருக்கு ஒரு பீம் கேக்கறாங்க. இது நல்லா வந்துட்டா இன்னும் கேப்பாங்க. கேட் பண்ணிக்கிட்டே காலத்த ஓட்ட முடியாதுப்பா" என்றார்.

கப்பலில் நீளமான இரும்புக் கம்பிக் கட்டுகள் வரும். அதை ஒரே கொக்கியில் நடுவில் கட்டித் தூக்கினால் இரண்டு முனையும் தொங்கும், ஆடும், சுழலும். அதற்காகக் கிரேன் கொக்கிக்கும் சரக்குக்கும் நடுவே இருபதடி நீள இரும்புச் சட்டம் ஒன்றை மாட்டுவார்கள். சட்டத்தின் மேலே நடுவில் ஒரு தடித்த தகடு, அதில் ஓட்டை, அதில்தான் கிரேன் கொக்கி மாட்டும். கீழே இரண்டு முனையிலும் இரண்டு தகடு, அதிலிருந்து கம்பிவடம் இறங்கிக் கட்டைப் பிடிக்கும். இந்தத் தகடுகளை நாங்கள் காது என்போம். மேல் காது ஒன்று, கீழ்க் காது இரண்டு. கீழ்க் காது ஒன்று போனால் சரக்கு ஒரு பக்கம் சாயும். மேல் காது போனால் எல்லாமே போச்சு.

மேல் காதை வெல்டு வைக்க முதலாளி என்னைச் சொன்னார். "நீதான் பயந்து பயந்து பண்ணுவ. இதுக்கு அதான் வேணும்."

இதில் எனக்கு வேறு ஒரு சங்கதி இருந்தது. என் மனைவியின் அண்ணன் ஹார்பரில் வேலை. ராயபுரத்தில் குடியிருந்தார். கப்பலின் அடிவயிற்றை அவர்கள் ஹாட்ச் என்பார்கள். ஏணி வழியாக அதற்குள் இறங்கி, சரக்குக்கு வடம் போட்டு, மேலே இருப்பவனுக்குக் கையைக் காட்டித் தூக்கச் சொல்வதுதான் அவர் தொழில். ஒரு நாளைக்கு எத்தனை தூக்கு தூக்கினாலும் அத்தனையும் அவர் தலைக்கு மேலேதான் போக வேண்டும். எங்கள் பட்டறை பீம் போகப் போகிற இடமும் அதுதான் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே குஷி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர், காலைக் கழுவுவதற்கு முன்பே, "இன்னா மாப்ள, எங்க ஹாட்ச்சுக்கு சட்டம் பண்றியாமே. எங்க மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன், எங்க மாப்ள கை வச்சதுன்னு. ஒயுங்கா பண்ணு. பேர கெடுத்துடாத" என்றார்.

"பேரு கெட்டாப் பரவால்ல மச்சான்."

"அப்புறம் இன்னா கெடும்?"

நான் அவர் தலைக்கு மேலே பார்த்தேன். அவருக்குப் புரிந்தது. சிரித்துக்கொண்டே என் முதுகில் ஒன்று வைத்தார்.

இனி அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெல்டிங் ராடு மேல் ஒரு பூச்சு இருக்கும். அது ஈரத்தை உறிஞ்சும். ஈர ராடில் வெல்டு வைத்தால் மேலே பார்க்க அழகாக இருக்கும், உள்ளே ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். தூக்கும்போதுதான் அது தெரியவரும். பெரிய கம்பெனிகளில் ராடைக் காயவைக்கவே ஒரு மின்சார அடுப்பு வைத்திருப்பார்கள். எங்களுக்கு இருந்தது பக்கத்துக் கடை அக்காவின் பஜ்ஜி அடுப்பு. அக்கா ரோட்டோரம் டீயும் பஜ்ஜியும் போட்டாள். அடுப்பின் பின்பக்கம் முதலாளி செங்கல் வைத்து ஓர் அறை கட்டி, அதற்குள் தகரப் பெட்டி ஒன்றைச் செருகிக் கொடுத்திருந்தார். தினமும் காலையில் இருபத்தைந்து இருபத்தைந்தாக இரண்டு கட்டு ராடு கட்டி அதில் வைப்பேன். பத்து மணிக்கு ஒரு கட்டு எடுப்பேன். சோறு தின்றுவிட்டு வரும்போது இன்னொரு கட்டு.

"அக்கா, ராடு வெந்துச்சா?"

"வெந்துச்சு, வெந்துச்சு. தொட்டுக்க சட்னி வேணுமா?"

தினமும் இதே கேள்வி, இதே பதில். சில நாள் ராடில் கடலைமாவு வாசனை வரும். கூட இருந்த வெல்டர், இந்த பீமைக் கப்பல்காரன் மோந்து பார்த்தால் பசி எடுக்கும் என்பான்.

மேல் காதை வெல்டு வைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அல்லது, நன்றாக நினைவிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் வானம் மூடியிருந்தது. மதியத்துக்கு முன்பு ஒரு பக்கம் முடித்தேன். மதியத்துக்குப் பின் மறுபக்கம். நடுவில் கரண்டு போய் வந்தது. முதலாளி இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். முடித்ததும் என் நம்பர் அச்சை வைத்துச் சுத்தியால் அடித்தேன். நான்காம் நம்பர். யார் வைத்த வெல்டு என்று தெரிவதற்காக எங்கள் பட்டறையில் அது வழக்கம். பெயர் போடுவதைவிட அது கனமான காரியம்.

ஐந்தரை மணிக்குக் கைகழுவிக்கொண்டிருந்தபோது அக்கா கடை கட்டிவிட்டு வந்தாள். கையில் துணியால் பிடித்த ஒரு கட்டு ராடு.

"இந்தாப்பா, ஒரு கட்டு அப்படியே கீது. வேணாமா?"

வாங்கினேன். சூடாக இருந்தது. நூல் பிரிக்காத இருபத்தைந்து ராடு.  வைத்தது இரண்டு கட்டு. ஒன்று இங்கே இருக்கிறது. அப்படியானால் மதியத்துக்குப் பிறகு நான் அடுப்பிலிருந்து எடுக்கவே இல்லை. அப்புறம் எதை வைத்து மேல் காதின் மறுபக்கத்தை முடித்தேன்? சோறு தின்றுவிட்டு அக்கா கடைக்கு நடந்தது ஞாபகம் வந்தது. ஆனால் தினமும்தான் நடக்கிறேன். அது இன்றைய நடையா, நேற்றைய நடையா?

மேஜைமேல் பிரித்த பாக்கெட் ஒன்று கிடந்தது. காயவைக்காத ராடு. எண்ணிப் பார்த்தேன். இருக்க வேண்டியதைவிட நிறையக் குறைந்திருந்தது.

அவ்வளவுதான். எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. ஈர ராடை எடுத்துத்தான் வைத்திருக்கிறேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மறுநாள் காதை அறுத்துவிட்டு வேறு வைத்திருப்போம். ஆனால் நான் பாக்கெட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது முதலாளி பின்னால் வந்து நின்று, வெல்டைத் தடவிப் பார்த்து, "பூத் தொடுத்த மாதிரி இருக்குதுய்யா" என்றார்.  காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன். காலையில் வந்தால் சிவப்பு பிரைமர் அடித்திருந்தார்கள். பிரைமருக்கு மேல் மஞ்சள் பெயிண்டும் வந்தது. பக்கவாட்டில் கறுப்பில் "5 டன்" என்று எழுதினார்கள். பெயிண்ட் ஒவ்வொரு பூச்சு ஏற ஏற என் வாயும் அடைபட்டது.

மூன்று வாரம் இப்படிப் போனது. நான் சரியாகச் சாப்பிடவில்லை. என் மனைவி முதல் வாரம் வயிறு சரியில்லை என்று நினைத்து மிளகு ரசம் வைத்தாள். இரண்டாவது வாரம் பீடி குடிக்க ஆரம்பித்துவிட்டேனா என்று சட்டைப் பையைப் பார்த்தாள். மூன்றாவது வாரம் தட்டைப் பிடுங்கிவைத்துக்கொண்டு, "இன்னான்னு சொல்லு, அப்புறம் துன்னு" என்றாள். சொன்னேன்.

அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "எங்கண்ணன் நிக்கிற எடமா அது?"

"ஆமா."

"அப்ப மொதலாளிகிட்ட சொல்லு."

"சொன்னா அறுக்கணும். அறுத்தா நாள் தவறும். அவரு இத நம்பித்தான் கீறாரு. ஆறு பேரு கீறோம்."

"நாள் தவறினா வேற நாள் வரும். எங்கண்ணன் ஒருத்தருதான்." தட்டைத் திரும்ப என் முன்னால் வைத்தாள். "சோதன போடற அன்னிக்கி வரைக்கும் பாப்பேன். நீ சொல்லலன்னா நான் வந்து சொல்லுவேன். அசிங்கமாப் பூடும். துன்னு."

சோதனை என்பது இதுதான். ஐந்து டன் தூக்குகிற பீமைப் பத்து டன் வைத்துத் தூக்கிக் காட்ட வேண்டும். அதை ஓர் அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எடைக்கல் வைத்திருக்கிற பட்டறை அல்ல எங்களுடையது. முதலாளி ஒரு லாரி மணல் வாங்கி, ரோட்டு எடைமேடையில் ஏற்றி நிறுத்துச் சீட்டு வாங்கி, அந்த மணலைச் சாக்குக்கு ஐம்பது கிலோவாகக் கட்டச் சொன்னார். மொத்தம் இருநூறு மூட்டை. தூக்குவதற்கு ஒரு நாளைக்கு மட்டும் வாடகைக் கிரேன். மூட்டைகளைப் பட்டறைக்கு வெளியே அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினோம்.

சோதனைக்கு முந்தின நாள் சாயந்திரம் மழை பிடித்தது. நம் பக்கத்து ஐப்பசி மழைதான். விடிகிற வரை விடவில்லை. காலையில் போனபோது தார்ப்பாய் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. மேல் மூட்டைகள் காய்ந்திருந்தன. எல்லாருக்கும் நிம்மதி. இரும்புத் தட்டில் மூட்டைகளை அடுக்க ஆரம்பித்தோம். மேல் வரிசைகள் போய்க் கீழ் வரிசை வந்தபோது மூட்டையைத் தூக்கியவன் "இன்னா இது, பொணக் கனம் கனக்குது" என்றான். நானும் ஒன்றைத் தூக்கினேன். மழைத்தண்ணீர் தார்ப்பாய்க்கு அடியில் ஓடி, அடியிலிருந்த சாக்குகளெல்லாம் கீழேயிருந்து மேலே உறிஞ்சியிருந்தன. ரோட்டில் நிறுத்த எடை வேறு, இப்போது தட்டில் இருக்கிற எடை வேறு.

எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. இதை எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் அந்த மழையை விரும்பினேன். பத்து டன்னுக்குப் பதில் பதினொன்றோ பன்னிரண்டோ தொங்கட்டும். என் காது அதைத் தாங்கிவிட்டால் மச்சான் தலைமேல் ஐந்து டன்னை எப்போதும் தாங்கும். தாங்காவிட்டால் இங்கேயே, வெறும் மணலோடு விழட்டும். யாரிடமும் எதுவும் சொல்லாமலே எல்லாம் தெரிந்துபோகும். என்னைப் போன்ற பயந்தவனுக்குத்தான் இப்படி ஒரு வழி தோன்றும்.

பதினோரு மணிக்கு அதிகாரி ஸ்கூட்டரில் வந்தார். ஐம்பது வயது இருக்கும். மழைக்கோட்டைக் கழற்றி உதறி மடித்து வைத்தார். அவர் பையில் சின்னச் சுத்தி, டார்ச், ஒரு பூதக்கண்ணாடி. டீ வேண்டாம் என்றார். அவரோடு யாரும் எதிர்பாராமல் மச்சானும் வந்து இறங்கினார். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு பஸ் பிடித்து வந்திருந்தார். தண்டலம் ஸ்டாப்பில் அதிகாரியிடமே வழி கேட்டு, அவர் ஸ்கூட்டரிலேயே ஏறி வந்துவிட்டார்.

"எங்க மாப்ள பீமு, நான் இல்லாம தூக்கலாமா" என்றார்.

மூலையில் என் மனைவி நின்றிருந்தாள். சாப்பாடு கொண்டுவந்த மாதிரி கையில் தூக்குவாளி. சாப்பாட்டு நேரம் ஆகவில்லை. என்னை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிரேன் கொக்கி இறங்கி மேல் காதில் மாட்டியது. கீழ்க் காதுகளிலிருந்து சங்கிலிகள் மூட்டைத் தட்டுக்குப் போயின. அதிகாரி கை காட்டினார். சங்கிலி இறுகியது. பீம் மெல்ல ஒரு முனகல் முனகியது. இரும்பு பாரம் வாங்கும்போது அப்படித்தான் சத்தம் போடும். தட்டு தரையை விட்டுக் கிளம்பியது. தட்டின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு நூல் மாதிரி.

ஆள் உயரத்துக்கு மேல் ஏறியபோது ஒரு சங்கிலி முறுக்கிக்கொண்டு தட்டு ஒரு பக்கம் திரும்பியது. எங்களில் யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. மச்சானுக்குத் தெரியும். தினமும் செய்கிற வேலை. அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே தட்டுக்கு அடியில் போய், கையைத் தூக்கி மூலையைப் பிடித்துத் திருப்பினார்.

"மச்சான், வெளிய வாங்க."

"சும்மா இரு மாப்ள. இத்த தெனம் பாக்கறவன் நான்."

"வெளிய வாங்கன்னா." என் குரல் எனக்கே தெரியாத குரலாக இருந்தது. "மேல் காது ஈர ராடுல வச்சது. மூட்டையும் ஈரம், பத்து டன்னுக்கு மேல கீது. வாங்க வெளிய."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. கைகளை விட்டுவிட்டு, அவசரப்படாமல், தொழில் தெரிந்தவன் மாதிரி பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தார். அதிகாரி கையைக் கீழே காட்டினார். தட்டு தரையில் உட்கார்ந்தது. கிரேன்காரன் எஞ்சினை அணைத்தான். ரோட்டில் போன லாரிச் சத்தம் மட்டும் கேட்டது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "மூட்டை ஈரம்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"காலையில சார்."

"தெரிஞ்சுமா தூக்க விட்ட?"

"ஆமா சார்."

"ஏன்?"

"தாங்குதான்னு பாக்கலாம்னு சார்."

கூட வேலை செய்த வெல்டர் பின்னால் தலையில் அடித்துக்கொண்டான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பு, இரண்டு கட்டு, சாயந்திரம் திரும்பி வந்த கட்டு, குறைந்துபோன பாக்கெட், பிரைமர், மஞ்சள் பெயிண்ட். முதலாளியைப் பார்க்காமல் சொன்னேன். அதிகாரி கீழ் வரிசை மூட்டை ஒன்றை எடுத்து நிறுக்கச் சொன்னார். ஐம்பது கிலோ மூட்டை ஐம்பத்தெட்டு காட்டியது. அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு முதலாளியைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க. உலர்ந்த எடையோட இன்னொரு நாள் வச்சுக்கலாம். இந்தக் காது என்ன பண்றது?" என்றார்.

முதலாளி அன்றைக்கும் சட்டையை இன் செய்திருந்தார். அதை வெளியே இழுத்துவிட்டார். மேல் பட்டனைக் கழற்றினார். கேஸ் கட்டரை எடுத்துவரச் சொன்னார்.  பெயிண்ட் பொசுங்கிப் புகை வந்தது. அவரே உட்கார்ந்து அறுத்தார். மூன்று வாரம் நான் பார்த்துப் பார்த்துப் பயந்த காது கால் மணி நேரத்தில் கீழே விழுந்தது.

அதிகாரி, மதியத்துக்குப் பின் நான் வைத்த பக்கத்து வெல்டில் ஒரு துண்டை ரம்பத்தால் கீறச் சொன்னார். வைஸ் இடுக்கியில் பிடித்துச் சம்மட்டியால் அடித்தால் கீறல் வழியாக ஒடியும். உள்ளே எப்படி இருக்கிறது என்று அப்போது தெரியும். "நீயே அடி" என்றார். மூன்று அடியில் ஒடியவில்லை. நாலாவதிலும் இல்லை. கூட இருந்த வெல்டர் வாங்கி அடித்தான். ஏழோ எட்டோ ஆனபின் ஒடிந்தது. அதிகாரி பூதக்கண்ணாடியை எடுத்து ஒடிந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடியையும் துண்டையும் என்னிடம் கொடுத்தார்.

சாம்பல் நிறத்தில், பொடி மணல் மாதிரி, பளபளவென்று இருந்தது. ஓட்டை இல்லை. ஒன்றுகூட இல்லை.

"இது காஞ்ச ராடுப்பா" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்போதுதான், கூட்டத்தைப் பார்த்துக் கரண்டியோடு வந்து நின்றிருந்த அக்கா பேசினாள்.

"அன்னிக்கி ராடத்தான் சொல்றியா? மேகம் போட்டுகினு இருந்திச்சே, மறுநா அடுப்பு பிடிக்குமோ பிடிக்காதோன்னு டீ கிளாஸ் எடுக்க வந்தப்ப நானே உன் பாக்கெட்ல கீறத உன்ன மாதிரி இருபத்தஞ்சா எண்ணி ஒரு கட்டு கட்டியாந்து வச்சேன். அத்தத்தான் சாயந்திரம் குடுத்தேன்."

கரண்டியால் என்னைக் காட்டினாள்.

"மத்தியானம் நீ வந்து உன் கட்ட எடுத்துகினு பூட்டியே. பஜ்ஜிகூட ஒன்னு துன்னியே" என்றாள்.

"ஏங்க்கா சொல்லல?" என்றான் வெல்டர்.

"எவன் கேட்டான்?"

உண்மை. மூன்று வாரம். தினமும் காலையில் அவளிடம் ராடு வெந்துச்சா என்று கேட்டேன். பாக்கெட்டை எண்ணினேன். சாப்பிடாமல் இருந்தேன். வேண்டுதல்கூட வைத்தேன். அன்றைக்கு மதியம் நான் கட்டை எடுக்கவில்லையா என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான்.

முதலில் சிரித்தது மச்சான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்ல வெல்ட அறுத்துப் போட்டானுவோடா. எங்க மாப்ள கைய ஒடிக்க எட்டு அடி வேண்டியிருந்திச்சு பாத்தியா" என்று கிரேன்காரனிடம் போய்ச் சொன்னார். அவன் யாரென்றே அவருக்குத் தெரியாது.

அதிகாரி சிரிக்கவில்லை. அடுப்பைக் காட்டச் சொன்னார். பின்பக்கம் குனிந்து தகரப் பெட்டிக்குமேல் கையை வைத்துப் பார்த்தார், சட்டென்று எடுத்துக்கொண்டார். "இதெல்லாம் இனிமே கூடாது. ஒழுங்கா ஒரு அடுப்பு வாங்குங்க" என்று முதலாளியிடம் சொன்னார். அக்கா கொடுத்த பஜ்ஜியை நின்றுகொண்டே தின்றார். ஸ்கூட்டரை மிதிக்கும் முன் என்னைக் கூப்பிட்டார்.

"ராடு விஷயத்துல நீ சொன்னது தப்பு. மணல் விஷயத்துல சொன்னது சரி. ஆனா ரெண்டையும் ஆளு கீழ போற வரைக்கும் வச்சிருந்த பாரு, அதான் ரொம்பத் தப்பு. பயம் வந்தா உடனே சொல்லு. பொய்யா இருந்தாலும் பரவாயில்ல."

முதலாளி சாயந்திரம்வரை பேசவில்லை. கடைசியில், எல்லாரும் கிளம்பும்போது, "மூணு வாரம் வாயில என்னய்யா வச்சிருந்த?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் புதுக் காதை நான் வெல்டு வைத்தேன். அக்கா அவளே ராடை ஒரு துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி தூக்கிவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, "எண்ணிக்கோ" என்றாள். அடுத்த வாரம் மணல் வேண்டாம் என்று கருங்கல் கொண்டுவந்து பத்து டன் தூக்கினோம். பீம் முனகியது, தாங்கியது, அதிகாரி கையெழுத்துப் போட்டார். ஆனால் நாள் தவறியது தவறியதுதான். முதலாளி ஹார்பர் ஆபீசுக்குப் போய் என்ன சொன்னார், எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஆர்டர் வர ஆறு மாதம் பிடித்தது. அதுவரை மறுபடி கேட், கிரில். அவர் அதை ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. வெல்டர்தான் விடவில்லை. நான் எதையாவது இரண்டாம் தரம் பார்க்கப் போனால், "அறுத்துடலாமா?" என்பான்.

பீமை லாரியில் ஏற்றிய அன்று கயிற்று முடிச்சை மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன். மச்சான் முன்சீட்டில் உட்கார்ந்து, "போதும் மாப்ள, கெளம்பட்டும்" என்றார்.

அந்த ஒடிந்த துண்டை அதிகாரி திரும்பக் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். என் மனைவி அதைச் சுத்தமாகக் கழுவி, இட்லி மாவுப் பாத்திரத்துத் தட்டுமேல் பூனை தள்ளாமல் இருக்கப் பாரமாக வைத்தாள். துருப்பிடிக்காமலிருக்க அவ்வப்போது தேங்காயெண்ணெய் தடவுவாள். மச்சான் ஹார்பரில் இருந்த வரைக்கும், பிறகு வேலை முடிந்து வீட்டோடு இருந்த வரைக்கும், ஞாயிற்றுக்கிழமை வந்தால் நேரே அடுக்களைக்குத்தான் போவார். மாவுப் பாத்திரத்துமேல் இருக்கிற துண்டை எடுத்து, கதவோரம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, ஒடிந்த முகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து நிதானமாக ஓட்டை தேடுவார். நான் எதிரே நின்றுகொண்டிருப்பேன். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு உள்ளே கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும்.

"ஒன்னும் இல்ல மாப்ள" என்று சொல்லிவிட்டு, துண்டைப் பழையபடி மாவுப் பாத்திரத்துத் தட்டுமேல் வைத்துவிட்டு, கால் கழுவப் போவார்.